ஞாயிறு ஊர் சுற்றச் சனிக்கிழமையே தயாராகுங்கள்: ஜெர்மனியின் மேற்குப் பகுதியில் படிக்க வரும் மாணவர்களுக்கு

ஜெர்மனிக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் பால் வாங்கக் கிளம்பி, தெரு முழுவதும் கடைகள் சாத்திக் கிடப்பதைப் பார்த்து, ஏதோ கடையடைப்புப் போராட்டம் என்று நினைத்து வெறுங்கையோடு அறைக்குத் திரும்பியவர்களில் நானும் ஒருவன். போராட்டம் எதுவும் இல்லை. ஞாயிறு ஓய்வு நாள் என்பது 1919ஆம் ஆண்டின் வைமார் அரசியல் சாசனத்தில் எழுதப்பட்டு, இன்றைய அரசியல் சாசனத்திலும் அப்படியே தொடரும் விதி. பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருக்கும் கடைகளும், காலையில் சில மணி நேரம் மட்டும் திறந்திருக்கும் ரொட்டிக் கடைகளும் இன்னும் சிலவும்தான் விலக்கு. அடுக்கக வீடுகளில் அன்று சுவரில் ஆணி அடிப்பதும், கண்ணாடிப் பாட்டில்களைத் தெருமுனைத் தொட்டியில் போடுவதும்கூடக் கூடாது.

இதைக் குறையாக நினைத்துப் புலம்புவதைவிட, வாரத்தையே இதற்கேற்ப மாற்றிக்கொள்வது நல்லது: வீட்டு வேலைகள் முழுவதும் சனிக்கிழமை, ஊர் சுற்றுவது ஞாயிற்றுக்கிழமை. ஆகன் நகரிலிருந்து கிளம்பி கொலோன், டியூசல்டார்ஃப், டூயிஸ்பர்க், எஸ்ஸன், போகும், டார்ட்மண்ட் வழியாக ஹாம் வரை செல்லும் ஆர்இ 1 என்ற வட்டார ரயில் தடத்தை வைத்து இதை விளக்குகிறேன். இந்தத் தடத்து ஊர்களில் எதில் படித்தாலும் கீழே சொல்வது பொருந்தும்.

முதலில் பயணச்சீட்டு. ஜெர்மனி முழுவதும் வட்டார ரயில், டிராம், சுரங்க ரயில், நகரப் பேருந்து எல்லாவற்றுக்கும் செல்லும் மாதாந்தர டாய்ச்லாண்ட் டிக்கெட் 2023 மே மாதம் 49 யூரோவுக்குத் தொடங்கி, 2025 ஜனவரியில் 58 யூரோவாகவும் 2026 ஜனவரியில் 63 யூரோவாகவும் ஏறியது. இதையே வெளியே காசு கொடுத்து வாங்குவதற்கு முன், நீங்கள் பல்கலைக்கழகத்துக்குக் கட்டும் பருவக் கட்டணத்தின் விவரத்தைப் படித்துப் பாருங்கள். பல பல்கலைக்கழகங்களில் இதன் மாணவர் வடிவம் 60 சதவீத விலையில் அந்தக் கட்டணத்துக்குள்ளேயே அடங்கியிருக்கும். அது தெரியாமல் இரண்டு மாதம் இரண்டு சீட்டுக்கும் பணம் கட்டிய நண்பர் எனக்கு உண்டு. வெளியே வாங்கியிருந்தால், 10ஆம் தேதிக்குள் ரத்து செய்தால்தான் அந்த மாத இறுதியோடு முடியும். 11ஆம் தேதி நினைவு வந்தால் இன்னொரு மாதம் கட்ட வேண்டியதுதான்.

இந்தச் சீட்டு ஐசிஇ, ஐசி போன்ற விரைவு ரயில்களில் செல்லாது. ஜெர்மன் ரயில்வேயின் டிபி நேவிகேட்டர் செயலியில் வட்டாரப் போக்குவரத்து மட்டும் என்ற தெரிவை முதல் நாளே அமைத்துவிடுங்கள். இல்லையென்றால் அது எப்போதும் விரைவு ரயிலையே முதலில் காட்டும், அவசரத்தில் அதிலேயே ஏறிவிடுவீர்கள். பரிசோதகர் வரும்போது செல்பேசியில் சார்ஜ் இல்லை என்றால் அதுவும் சீட்டில்லாப் பயணமாகவே எழுதப்படும். அபராதம் 60 யூரோ. சீட்டு உங்கள் பெயரில் இருப்பதைப் பிறகு காட்டினால் சிறு தொகையாகக் குறைப்பார்கள் என்றாலும், அதற்கான கடிதப் போக்குவரத்துக்குப் பயந்தே நான் பவர் பேங்க் வாங்கினேன். சீட்டில் உங்கள் பெயர் இருப்பதால் கடவுச்சீட்டோ வதிவிட அனுமதி அட்டையோ கையில் இருக்க வேண்டும்.

சனிக்கிழமைக்கு வருவோம். துணி துவைக்கும் இயந்திரத்தை விடுதியில் வெள்ளிக்கிழமை இரவே பதிவு செய்துவிடுங்கள். கடைக்குப் போகும்போது காலிப் பாட்டில்களையும் எடுத்துச் செல்லுங்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் பானங்கள் வரும் தகரக் கேனுக்கும் 25 சென்ட் முன்பணம் பிடிக்கிறார்கள். கடை வாசலில் உள்ள இயந்திரத்தின் வட்ட வாய்க்குள் பாட்டிலின் அடிப்பக்கம் முன்னே போகும்படி வைத்தால், அது உருட்டிப் பார்த்து உள்ளிழுத்துக்கொண்டு, கடைசியில் ஒரு துண்டுச் சீட்டைத் தரும். நசுங்கிய பாட்டிலை அது திருப்பித் துப்பிவிடும், ஆகவே பையில் திணிக்காதீர்கள். சீட்டை அதே கடையின் கல்லாவில் கொடுத்துக் கழித்துக்கொள்ளலாம். எட்டுப் பாட்டிலுக்கு 2 யூரோ என்பது மாணவருக்குச் சின்னத் தொகை அன்று. பிறகு குழாய்த் தண்ணீரே குடிக்க உகந்தது என்று பழகிவிட்டால் பாட்டிலே வாங்க மாட்டீர்கள்.

பயணத்துக்குக் கட்டுச்சோறு கொண்டு போவதில் கூச்சம் வேண்டாம். வட்டார ரயிலில் எல்லோரும் எதையாவது பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருப்பார்கள். புளியோதரையும் தயிர் சாதமும் ஆறினாலும் ருசிப்பவை என்பதால் இந்த நாட்டுக்கென்றே செய்தவை போலப் பொருந்தும். ஆனால் தாளிப்பில் எச்சரிக்கை தேவை. ஒரு சனிக்கிழமை மாலை விடுதியின் பொதுச் சமையலறையில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காய்ந்த மிளகாயை எண்ணெயில் போட்டேன். அரை நிமிடத்தில் நடைக்கூடத்தின் புகை உணர்வி அலற, நான்கு மாடியும் இறங்கி முற்றத்தில் நின்றது. ஒரு பெண் தலையில் துண்டோடு நடுங்கிக்கொண்டிருந்தாள். தீயணைப்பு வீரர் இருவர் தலைக்கவசத்தோடு மேலேறி வந்து, வாணலியை எட்டிப் பார்த்து, சன்னலைத் திறந்துவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து என் முறை இதுதான்: சமையலறைக் கதவைச் சாத்தி, சன்னலை முழுக்கத் திறந்து, மிளகாயை எண்ணெய் நன்றாகக் காயுமுன்னே போடுவது. உணர்வியைத் துணியால் மூடும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அது விதிமீறல், உயிருக்கும் ஆபத்து.

எந்த மாதங்களில் சுற்றலாம் என்பதைப் பாடத்திட்டம் தீர்மானிக்கும். பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் குளிர்காலப் பருவம் அக்டோபர் 1 அன்றும் கோடைக்காலப் பருவம் ஏப்ரல் 1 அன்றும் தொடங்குகின்றன. வகுப்புகள் சற்றுப் பின்னரே ஆரம்பிக்கும். பிப்ரவரியிலும் ஜூலையிலும் தேர்வுகள் குவியும். நம் ஊரைப் போலத் தேர்வுக்குத் தானாகவே பெயர் சேர்ந்துவிடாது, குறித்த நாளுக்குள் நாமேதான் இணையத்தில் பதிவு செய்ய வேண்டும். பல படிப்புகளில் ஒரே பாடத்தில் மூன்று முறை தோற்றால் படிப்பே முடிந்துவிடும். ஆகவே பதிவுக்கான கடைசி நாளை நாட்காட்டியில் எழுதிய பிறகே பயண நாட்களைக் குறிப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். பகல் வெளிச்சமும் ஒரு கணக்கு: டிசம்பரில் மாலை நாலரைக்கே சூரியன் மறைந்துவிடும், ஜூனில் இரவு ஒன்பதரைக்குப் பிறகும் வெளிச்சம் இருக்கும்.

கிளம்புவதற்கு முந்தைய இரவு செயலியில் வழியை மீண்டும் ஒருமுறை பாருங்கள். தண்டவாளப் பணிகளைப் பெரும்பாலும் வார இறுதியில்தான் வைப்பார்கள். அறிவிப்பில் எஸ்இவி என்ற மூன்றெழுத்தைக் கண்டால் ரயிலுக்குப் பதில் பேருந்து என்று பொருள், பயண நேரம் இரு மடங்காகலாம். அந்தப் பேருந்து நிலையத்தின் பின்வாசலில் நிற்குமா முன்வாசலில் நிற்குமா என்று தேடுவதற்கே பத்து நிமிடம் போகும். ரயில் ஒரு மணி நேரம் தாமதித்தால் இந்த மாதச் சீட்டுக்கு 1.50 யூரோ இழப்பீடு உண்டு. ஆனால் 4 யூரோவுக்குக் குறைந்த தொகையைத் தர மாட்டார்கள் என்பதால் மூன்று தாமதங்களைச் சேர்த்து விண்ணப்பிக்க வேண்டும். மூன்றைச் சேர்ப்பது கடினமாக இருக்காது.

இனி ஊர்கள். ஆகனில் இருப்பவர்கள் சொந்த ஊரிலிருந்தே தொடங்கலாம். சார்லமேன் பேரரசரின் காலத்தில் எழுந்த எண்கோண மண்டபத்தைக் கொண்ட பேராலயம், 1978இல் ஜெர்மனியிலிருந்து முதலில் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. ஊரின் எல்லையில் நெதர்லாந்தும் பெல்ஜியமும் சந்திக்கும் முந்நாட்டு எல்லைக்கல்லுக்கு நடந்தே போய்விடலாம். அனுமதி அட்டை இன்னும் வராமல் இடைக்காலச் சான்றிதழ் மட்டும் வைத்திருப்பவர்கள், அதை வைத்துக்கொண்டு நாட்டைவிட்டு வெளியேறித் திரும்பலாமா என்று வெளிநாட்டவர் அலுவலகத்தில் கேட்டுத் தெளிந்துகொள்ளாமல் அந்தக் கல்லைத் தாண்ட வேண்டாம். அதிலுள்ள எல்லா வகைகளும் அதற்கு இடம் தருவதில்லை.

கொலோன் ஒரு மணி நேரத் தொலைவு. நிலையத்தை விட்டு வெளியே வந்தவுடனே, 1248இல் தொடங்கி 1880இல் முடித்த பேராலயம் 157 மீட்டர் உயரத்தில் தலைக்கு மேல் நிற்கும். தெற்குக் கோபுரத்தில் ஏற 533 படிகள். காலையிலேயே ஏறிவிடுங்கள், பிற்பகலில் குறுகலான சுழற்படிகளில் ஏறுபவரும் இறங்குபவரும் உரசிக்கொண்டு நிற்க வேண்டிவரும். அங்கிருந்து ரயில் மாறிக் கோனிக்ஸ்விண்டர் சென்றால், ரைன் ஆற்றின் மேல் 321 மீட்டர் உயரமுள்ள டிராகன்ஃபெல்ஸ் குன்றில் நடந்தே ஏறலாம். கார்னிவல் என்னும் மாறுவேடத் திருவிழாக் காலத்தில் மட்டும் கொலோன் பக்கம் போகாதீர்கள் என்பேன். மாறுவேடக் கூட்டத்தில் ரயிலில் கால் வைக்க இடமிருக்காது. இதை மறுப்பவர்களும் உண்டு.

என் விருப்பம் பழைய தொழிற்சாலை நகரங்கள்தான். டூயிஸ்பர்கில் 1985இல் மூடிய இரும்பாலை இன்று பூங்கா. நிலையத்திலிருந்து 903ஆம் எண் டிராம். நுழைவுக் கட்டணம் இல்லை, துருப்பிடித்த ஊதுலையின் மேல் ஏறிச் சுற்றிலும் பார்க்கலாம், வார இறுதி இரவுகளில் வண்ண விளக்குகள் எரியும். எஸ்ஸனில் 1986இல் மூடிய சோல்வரைன் நிலக்கரிச் சுரங்கத்துக்கு 107ஆம் எண் டிராம். இது 2001இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. உள்ளே அருங்காட்சியகத்துக்குத்தான் கட்டணம், வளாகத்தில் சுற்றுவதற்கு இல்லை. நிலையக் கழிப்பறைகளுக்குக் காசு கேட்பார்கள் என்பதால் இறங்குமுன் ரயிலிலேயே போய்விடுவது நலம், அது பூட்டிக் கிடக்காவிட்டால்.

தடத்தின் கடைசி ஊர் ஹாம். ஆகனிலிருந்து ஏறத்தாழ மூன்று மணி நேரம். பார்க்க என்ன இருக்கிறது என்று ஜெர்மன் நண்பர்கள் கேட்பார்கள். ஊண்ட்ராப் என்னும் அதன் புறநகரில், தொழிற்கூடங்களுக்கு நடுவே, ஈழத்திலிருந்து வந்த தமிழர்கள் எழுப்பி 2002இல் குடமுழுக்கு நடத்திய காமாட்சி அம்பாள் கோயில் 17 மீட்டர் கோபுரத்தோடு நிற்கிறது. கோடையின் தொடக்கத்தில் வரும் ஆண்டுத் திருவிழாவில் தேர் தெருவில் ஓடும், அருகிலுள்ள கப்பல் கால்வாயில் தீர்த்தமாடுவார்கள். கூட்டத்துக்குள் நுழைந்ததும் யாரோ ஒரு அம்மா, "தம்பி, எவடம்? சாப்பிட்டனீங்களோ?" என்று கேட்பார், விடுதி அறையில் ஐந்து மாதம் தமிழே காதில் விழாமல் இருந்தவருக்கு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக் கொஞ்ச நேரம் பிடிக்கும். நிலையத்திலிருந்து கோயிலுக்குப் பேருந்து பிடிக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமைகளில் அது அரிதாகவே வரும். இறங்கியவுடன் எதிர்ப்பக்க நிறுத்தத்துக்குச் சென்று திரும்பும் பேருந்துகளின் நேர அட்டவணையைப் படம் எடுத்துக்கொண்டு, அதற்குப் பிறகு கோயிலுக்குள் போங்கள்.