காருக்குச் சாவியை அடையாளம் தெரியவில்லையா? புதுச் சாவி வாங்கும் முன் இதையெல்லாம் பாருங்கள்

பட்டனை அமுக்குகிறீர்கள், கதவு அசையவில்லை. இல்லையென்றால் கதவு திறந்துவிடுகிறது, ஆனால் ஸ்டார்ட் பட்டனைத் தொட்டதும் டாஷ்போர்டில் 'சாவி இல்லை' என்று வருகிறது. சாவியோ உங்கள் கையில்தான் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எங்கள் பக்கம் இப்படி ஆனதும் எல்லோரும் கேட்பது, "புதுச் சாவி எத்தனை ரேண்ட் ஆகும்?" என்பதுதான். அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. பல நேரம் ஒரு பட்டன் செல்லோடு, அதாவது சாவிக்குள் இருக்கும் சின்ன வட்டப் பேட்டரியோடு, முடிந்துவிடுகிற வேலை இது.

செல்லா, சாவியா, காரா என்று கண்டுபிடிக்க, சாவிக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் தெரிந்தால் போதும். அந்தச் சின்ன பிளாஸ்டிக்கில் இரண்டு அல்லது மூன்று தனித்தனிக் கருவிகள் இருக்கின்றன. பூட்டவும் திறக்கவும் உள்ள பட்டன்கள் ஒரு குட்டி ரேடியோ. தென்னாப்பிரிக்காவில் ஓடும் கார்களில் பெரும்பாலும் 433 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்யும், அதற்குச் செல் வேண்டும். சரியான சாவி இல்லாமல் எஞ்சினைக் கிளம்பவிடாத இம்மொபிலைசர் சிப் வேறு. அதற்குச் செல்லே தேவையில்லை; சாவித் துவாரத்தைச் சுற்றியுள்ள கம்பிச்சுருளிலிருந்தே மின்சாரத்தை எடுத்துக்கொள்ளும். பட்டன் ஸ்டார்ட் வண்டிகளில் மூன்றாவதாக ஒன்று உண்டு: கார் 125 கிலோஹெர்ட்ஸ் வாக்கில் ஒரு அலையை அனுப்பி "சாவி பக்கத்தில் இருக்கிறதா?" என்று கேட்கும், சாவி பதில் அனுப்பும். அந்தப் பதிலுக்கும் செல் வேண்டும்.

இனி அறிகுறியைப் பாருங்கள். சாவியைச் செருகித் திருப்புகிற வண்டியில் ரிமோட் வேலை செய்யவில்லை, ஆனால் எஞ்சின் கிளம்புகிறது என்றால் செல் அல்லது ரேடியோ. ரிமோட்டில் கதவு திறக்கிறது, எஞ்சின் மட்டும் கிளம்பாமல் டாஷ்போர்டில் சாவிப் படமோ பூட்டுப் படமோ மினுக்குகிறது என்றால் சிப் அல்லது காருக்குள் இருக்கும் கோளாறு. அங்கே செல்லை மாற்றிப் பயனில்லை.

படி 1: ஸ்பேர் சாவி

எங்கே வைத்தீர்களோ, தேடி எடுங்கள். ஸ்பேரில் எல்லாம் சரியாக நடந்தால் காரில் பிரச்சினை இல்லை, முதல் சாவியில்தான். அதுவும் பேசவில்லை என்றால் காரைச் சந்தேகிக்கலாம். ஆனால் ஸ்பேரின் செல்லும் வண்டி வாங்கிய அன்று போட்டதாக இருக்கும், அது தீர்ந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. பட்டன் ஸ்டார்ட் வண்டியில் ஒரு சாவியைச் சோதிக்கும்போது மற்றதை வீட்டுக்குள் வைத்துவிட்டு வாருங்கள். இரண்டும் பக்கத்தில் இருந்தால் எது பதில் சொன்னது என்று தெரியாது.

படி 2: செல்

அதிகம் குளறுபடி நடக்கிற இடம் இது, நிதானமாகச் செய்யுங்கள்.

சாவியின் பக்கவாட்டில் ஒரு சின்ன விசை இருக்கும்; அதை நகர்த்தினால் உள்ளே இருக்கும் இரும்புச் சாவி வெளியே வரும். அது இருந்த பள்ளத்தில் தட்டையான ஸ்க்ரூடிரைவரின் முனையைத் துணி சுற்றி நுழைத்து, மெல்லத் திருப்புங்கள். டக்கென்று இரண்டாகப் பிரியும். நெம்பித் தள்ள வேண்டாம், கொக்கி உடைந்தால் அப்புறம் ரப்பர் பேண்ட்தான்.

உள்ளே இருக்கும் செல்லின் எண்ணைப் படியுங்கள். சிஆர்2032 என்றால் 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். சிஆர்2025 அதே அகலம், தடிமன் 2.5 தான். "கிட்டத்தட்ட ஒன்றுதானே" என்று மெல்லியதைப் போட்டால் தகடு சரியாகத் தொடாது. ஒரு நாள் வேலை செய்யும், ஒரு நாள் செய்யாது. கூட்டல் குறி மேலேயா கீழேயா என்று எடுக்கும் முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

குழந்தைகள் விழுங்கிவிடாமல் இருக்கச் சில கம்பெனிகள் செல்லின் மேல் கசப்பு மருந்து பூசுகின்றன. நல்ல எண்ணம்தான். ஆனால் அந்தப் பூச்சு சில சாவிகளில் மின்தொடர்பை மறைத்துவிடும். புது செல் போட்டும் சாவி செத்த மாதிரியே கிடந்தால், ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் செல்லைத் துடைத்துவிட்டுப் போட்டுப் பாருங்கள். பூச்சு இருந்தாலும் இல்லாவிட்டாலும் பழைய செல்லைக் குழந்தைகள் கைக்கு எட்டும் இடத்தில் வைக்காதீர்கள். விழுங்கிவிட்டால் உணவுக்குழாயைப் பொசுக்கிவிடும், உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய விஷயம்.

மல்டிமீட்டர் வைத்திருப்பவர்களுக்கு: புது செல் 3.2 வோல்ட் பக்கம் காட்டும். 2.8-க்குக் கீழே போனால் தூக்கிப் போடலாம். ஆனால் 3 காட்டுகிறது என்பதற்காக நம்பிவிட வேண்டாம். இந்த லித்தியம் செல்கள் சும்மா இருக்கும்போது நல்ல வோல்ட் காட்டிவிட்டு, பட்டனை அமுக்கும்போது சரிந்துவிடும். சந்தேகமாக இருந்தால் புதுசு போடுவதே சுலபம்.

ஒரு ஆண்ட்டி கேட்டார், "டிவி ரிமோட்டைப் போன் கேமரா முன் காட்டுவோமே தம்பி, அது மாதிரி இதையும் பார்க்கலாமா?" பெரும்பாலான கார்களுக்கு முடியாது ஆண்ட்டி. அது அகச்சிவப்பு ஒளி, இது ரேடியோ அலை.

செல் தீர்ந்து நடுரோட்டில் நின்றால்

பட்டன் ஸ்டார்ட் வண்டிக்காரர்கள் இதை இப்போதே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். இரும்புச் சாவியால் ஓட்டுநர் கதவைத் திறக்கலாம். துவாரம் தெரியவில்லை என்றால் கைப்பிடியில் ஒரு மூடிக்குள் ஒளிந்திருக்கும். அலாரம் கத்தினாலும் பதற வேண்டாம், வண்டி கிளம்பியதும் பொதுவாக நின்றுவிடும்.

பிறகு பிரேக்கை மிதித்துக்கொண்டு, டொயோட்டாவாக இருந்தால் சாவியின் சின்னம் உள்ள பக்கத்தை ஸ்டார்ட் பட்டனில் ஒட்டிப் பிடியுங்கள், சத்தம் வந்ததும் பட்டனை அமுக்குங்கள். ஹூண்டாயில் பல மாடல்களில் சாவியாலேயே பட்டனை அமுக்க வேண்டும். ஃபோக்ஸ்வேகனில் ஸ்டியரிங் தண்டின் வலது பக்கம் ஒட்டிப் பிடிக்க வேண்டும். செல் இல்லாமலே பேசுகிற சிப்பைத்தான் இங்கே நாம் பயன்படுத்துகிறோம். மற்ற கார்களுக்கு இடம் மாறும், கையேட்டில் படத்தோடு இருக்கும்.

படி 3: இடம்

வீட்டு வாசலில் வேலை செய்கிற சாவி மாலில் வேலை செய்யவில்லை என்றால் சாவியைக் குறை சொல்லாதீர்கள். போன், லேப்டாப், சார்ஜர் இவற்றோடு ஒட்டிக் கிடந்தால் கார் கேட்பது சாவியின் காதில் விழாது. பையிலிருந்து தனியாக எடுத்து இன்னொரு முறை முயன்று பாருங்கள்.

இந்த நாட்டில் இன்னொரு காரணமும் உண்டு. திருடர்கள் பார்க்கிங்கில் நின்று அதே அலைவரிசையில் ஒரு ரிமோட்டை அமுக்கிப் பிடித்துக்கொள்வார்கள். நீங்கள் பூட்டும் சமிக்ஞை காருக்குப் போய்ச் சேராது. நீங்களோ நடந்துகொண்டே பட்டனை அமுக்கிவிட்டு உள்ளே போய்விடுவீர்கள். ஈஸ்டர் சமயத்தில் மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயில் கூட்டத்தில் வண்டியை விடும்போதும் சரி, மாலில் விடும்போதும் சரி, இண்டிகேட்டர் மினுக்குவதைப் பார்த்து, கைப்பிடியை ஒரு இழு இழுத்துப் பார்த்துவிட்டு நகருங்கள். ரிமோட் அங்கே பேசவே இல்லையா? பொருளை உள்ளே விட்டுவிட்டுப் போகாதீர்கள். வேறு இடத்தில் நிறுத்துங்கள். பார்க்கிங்கில் வண்டிகளுக்குக் காவல் நிற்கும் கார் கார்டு பார்த்துக்கொள்வார் என்று விடுவது சரிப்படாது.

படி 4: சாவி தூங்குகிறதா?

டொயோட்டாவின் ஸ்மார்ட் சாவிகள் பலவற்றில் பூட்டு பட்டனை அமுக்கிப் பிடித்தபடி திற பட்டனை இரண்டு முறை தட்டினால் விளக்கு நான்கு முறை மினுக்கி, செல் சிக்கன நிலைக்குப் போய்விடும். பிறகு கைப்பிடியைத் தொட்டாலும் கார் திறக்காது. குழந்தை சாவியை வைத்து விளையாடியிருந்தால் இதையும் நினைத்துப் பாருங்கள். ஏதாவது ஒரு பட்டனை அமுக்கினால் எழுந்துவிடும். வேறு சில புதிய சாவிகள் அசையாமல் கிடந்தாலே உறங்கிவிடும், ஒரு குலுக்கு போதும்.

படி 5: காரின் பேட்டரி, பிரேக்

காரின் 12 வோல்ட் பேட்டரி இறங்கியிருந்தாலும் 'சாவி இல்லை' என்றே வரலாம். நின்ற வண்டியில் 12.6 வோல்ட் இருந்தால் நல்லது, 12-க்குக் கீழே போனால் சார்ஜ் வேண்டும். உள்விளக்கு மங்கலாக எரிந்தாலே புரிந்துவிடும். பிரேக்கை மிதிக்கும்போது பின்விளக்கு எரிகிறதா என்று யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். எரியவில்லை என்றால் பிரேக் சுவிட்சைப் பார்க்க வேண்டும். சாவி நன்றாக இருந்தாலும் வண்டி கிளம்பாது.

படி 6: மறுபடி இணைத்தல்

ரிமோட் ஒவ்வொரு அமுக்கலுக்கும் புதுக் குறியீடு அனுப்பும். காரிலிருந்து வெகு தூரத்தில் பட்டனை நிறைய முறை அமுக்கியிருந்தால் கணக்கு தப்பிப்போகலாம். பல கார்களில் சாவியைச் செருகி இக்னிஷனை ஆன் செய்து, பூட்டு பட்டனை ஒரு முறை அமுக்கினால் மறுபடி ஒத்துப்போகும். சரியான வரிசை கையேட்டில் இருக்கும், அதன்படியே செய்யுங்கள்.

கடலில் நனைந்த சாவி

உம்ஷ்லங்கா கடற்கரைக்குப் போய் ஷார்ட்ஸ் பாக்கெட்டில் சாவியோடு தண்ணீரில் இறங்குகிறவர்கள் நிறையப் பேர். உடனே செல்லைக் கழற்றுங்கள். உப்பைப் போக்க நல்ல தண்ணீரில் அலசி, ஆல்கஹாலால் துடைத்து, நன்றாகக் காய விடுங்கள். அரிசியில் புதைப்பதால் உப்பு போகாது. செல் பிடிக்கும் தகட்டில் பச்சை படிந்திருந்தால் பழைய பல்துலக்கியை ஆல்கஹாலில் தொட்டுத் தேய்க்கலாம்.

இத்தனைக்கும் மசியவில்லை என்றால் சரி, ஆளைக் கூப்பிடுங்கள். டீலரிடம்தான் போக வேண்டும் என்றில்லை, கார்ச் சாவி பதிகிற பூட்டுக்காரர்களும் உண்டு. தென்னாப்பிரிக்காவில் பூட்டுக்காரர்கள் பிசிரா என்ற பாதுகாப்புத் துறை ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், பதிவு எண்ணைக் கேட்கத் தயங்க வேண்டாம். நல்ல ஆள் உங்கள் அடையாள அட்டையையும் வண்டியின் பதிவுச் சான்றிதழையும் கேட்பார். கேட்காதவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள். போகும்போது இருக்கிற எல்லாச் சாவிகளையும் எடுத்துப் போங்கள், பல கார்களில் பதியும்போது கையில் இல்லாத சாவி கணக்கிலிருந்து நீங்கிவிடும். சாவி தொலைந்துபோனதால் புதுசு போடுகிறீர்கள் என்றால், தொலைந்ததைக் காரின் நினைவிலிருந்து அழிக்கச் சொல்லிக் கேளுங்கள். பணம் கொடுக்கும் முன் ஒவ்வொரு சாவியாலும் பூட்டி, திறந்து, கிளப்பிப் பார்த்துவிடுங்கள்.