தோல் காய்ந்து சோர்ந்த குதிரைக்குட்டி: மாட்டு வைத்தியம் எங்கே பிழையாகிறது

வன்னியில் மாடு பார்க்கத் தெரியாத வீடு குறைவு. குதிரை பார்க்கத் தெரிந்த வீடு அதைவிடக் குறைவு. எங்கிருந்தோ ஒரு குதிரைக்குட்டி வளவுக்கு வந்து, கொஞ்ச நாளில் மயிர் மங்கி, தோல் தவிடு போல உதிர்ந்து, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு மூலையில் நிற்கத் தொடங்கினால், ஆளாளுக்கு ஒரு கை வைத்தியம் சொல்ல வருவார்கள். சொல்பவர்கள் அனுபவம் இல்லாதவர்களும் அல்ல, பட்டி கட்டி ஆண்டவர்கள்தான். ஆனால் அவர்கள் சொல்வதெல்லாம் மாட்டில் கண்டது. குதிரையின் வயிறும் வேறு, தோலும் வேறு, மருந்து தாங்கும் சக்தியும் வேறு. இந்த வித்தியாசம் தெரியாமல்தான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன.

முதல் தவறு, தோல் காய்ந்ததைத் தோலின் நோய் என்றே எடுத்துக்கொள்வது. தோலும் சோர்வும் ஒன்றாக வந்தால் கோளாறு அநேகமாக உள்ளே இருக்கும். வெயில் காலமென்றால் முதலில் பார்க்க வேண்டியது, குட்டிக்கு வியர்க்கிறதா என்பது. மாடு வெயிலில் இரைத்து இரைத்துச் சூட்டைத் தணித்துக்கொள்ளும். குதிரை பெரும்பாலும் வியர்த்துத்தான் தணிக்கும். சூடும் ஈரப்பதமும் நீடிக்கிற இடங்களில் சில குதிரைகளுக்கு வியர்வை குறைந்து, சிலவற்றுக்கு அறவே நின்றுவிடும். குளிர்நாடுகளிலிருந்து வெப்ப நாடுகளுக்குக் குதிரைகளைக் கொண்டுபோன குடியேற்றக் காலத்திலேயே கவனிக்கப்பட்ட கோளாறு இது. இங்கேயே பிறந்த குதிரைக்கும் வரலாம்.

கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. ஒன்பது, பத்து மணி வெயிலில் குட்டி தானாக ஓடி விளையாடிய பிறகு கழுத்திலும் தோளிலும் கையை வைத்துப் பாருங்கள். நனைந்திருக்க வேண்டிய இடம் காய்ந்து சுடும். பிடரி மயிருக்கு அடியிலும் பின்தொடைகளின் இடுக்கிலும் மட்டும் கொஞ்சம் ஈரம் இருக்கலாம். மூக்குத் துவாரம் விரிந்து, விலா வேகமாக ஏறி இறங்கும். நிழலுக்கு வந்து அரை மணியாகியும் மூச்சு அடங்காது. இது நாட்பட்டால் தோல் செதில் செதிலாகி, முகத்தில் மயிர் உதிர்ந்து, தீனில் விருப்பம் போய்விடும். அதற்குத் தேங்காய் எண்ணெய் பூசினால் என்ன பயன்? சூடு தணிய வேண்டும். நிழல், காற்று, உடம்பில் ஊற்றத் தண்ணீர், இவைதான் முதல் மருந்து. தாழ்ந்த தகரக் கூரைக் கொட்டில் மத்தியானத்தில் அடுப்புத்தான். அதைவிட ஒரு வேப்பமரத்து நிழல் எவ்வளவோ மேல். தகரம்தான் இருக்கிறதென்றால் மேலே கிடுகு போடுங்கள், சுவரை எடுத்துவிடுங்கள், மின்சாரம் இருந்தால் மின்விசிறி ஒன்று மாட்டுங்கள்.

சூடேறிய குதிரைமேல் குளிர்ந்த தண்ணீர் பட்டால் நரம்பு இழுக்கும் என்று ஒரு கதை எல்லா ஊரிலும் உண்டு. பயப்பட வேண்டாம், தாராளமாக, நிறுத்தாமல் ஊற்றலாம். குடிக்கவும் விடுங்கள். ஓடிக் களைத்த குதிரைக்குத் தண்ணீர் காட்டக் கூடாது என்பதும் அதே மாதிரிக் கதைதான்.

எண்ணெய்க்கு வருவோம். காய்ந்த தோல் என்றதும் வேப்பெண்ணெய், தேங்காய் எண்ணெய், சில இடங்களில் மண்ணெண்ணெய், பழைய எஞ்சின் ஒயில் என்று கை போகிறது. கடைசி இரண்டும் குதிரைத் தோலைப் பொசுக்கிவிடும், அதில் பேச்சே இல்லை. முதல் இரண்டும்கூட உடம்பு முழுக்கப் பூசினால் வெயிலில் புழுதி ஒட்டி, சூடு வெளியேறத் தடையாக நிற்கும். மாரியில் நிலைமை இன்னும் மோசம். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்தபடி நிற்கும் குட்டியின் முதுகிலும் இடுப்பிலும் சிறு பொருக்குகள் வரும். ஒன்றைத் தொட்டால் மயிர்க் கொத்தோடு கழன்று வரும், அடியில் ஈரமாகச் சிவந்திருக்கும். ஈரத்தில் வளரும் ஒரு பக்டீரியா செய்கிற வேலை அது. அதன்மேல் எண்ணெயைப் பூசினால் ஈரத்தை உள்ளே வைத்து மூடிக் கொடுத்த மாதிரி. குட்டியை நனையாத இடத்தில் கட்டி, குளோர்ஹெக்சிடீன் அல்லது பொவிடோன் அயடீன் கலந்த நீரால் கழுவி, துடைத்து உலர்த்த வேண்டும். வலிக்கிற பொருக்கைப் பிய்த்தெடுக்க வேண்டாம். ஊறித் தானாக விழட்டும்.

வட்ட வட்டமாக மயிர் கொட்டியிருந்தால் அது படர்தாமரையாக இருக்கலாம். இளம் குதிரைகளுக்கு லேசில் பிடிக்கும். பிள்ளைகளின் கைக்கும் வரும், மாட்டுக்கும் பரவும். துடைக்கிற பிரஷ், துணி, கயிறு எல்லாவற்றையும் அந்தக் குட்டிக்கென்று தனியாக வையுங்கள்.

பிடரியையும் வாலடியையும் மரத்தில் தேய்த்துத் தேய்த்து மயிரை இழக்கிற குட்டிக்குப் பெரும்பாலும் மிகச் சின்னக் கொசுக்கள் கடிப்பதால் வரும் ஒவ்வாமைதான். குளக்கரை, வயற்கரை வளவுகளில் விடியலிலும் பொழுதுபடும் நேரத்திலும்தான் அவை கடிக்கும். மாட்டுக்குப் போடுகிற மாதிரிக் கொட்டிலில் மூட்டம் போடுவது நம் வழக்கம். குதிரையின் சுவாசப்பை புகைக்கும் தூசிக்கும் மாட்டைவிட எளிதில் பாதிக்கப்படும். நாலு பக்கமும் திறந்த இடத்தில், காற்று போகும் பக்கமாக மெல்லிய புகை என்றால் சரி. மூடிய கொட்டிலில் வேண்டாம். கொசு காற்றை எதிர்த்துப் பறக்க மாட்டாது. இங்கேயும் மின்விசிறிதான் கைகொடுக்கும்.

தினமும் சவர்க்காரம் போட்டுத் தேய்ப்பதும் தோலைக் காய வைக்கும். வெறும் தண்ணீர் போதும், பிறகு பிரஷ். உடுப்புத் தோய்க்கிற தூளைக் கிட்டவே கொண்டுபோக வேண்டாம்.

தீன் தொட்டியில் இருக்கிற ஆபத்து

இந்தப் பகுதியை மட்டும் அவசரப்படாமல் வாசியுங்கள்.

தவிடு வன்னியில் மலிவு. அரிசி ஆலை எங்கே இருக்கிறதோ அங்கே தவிடும் இருக்கும். குதிரைக்குட்டி விரும்பித் தின்னும், உடம்பும் ஏறும். ஆனால் தவிட்டில் பொசுபரசு மிக அதிகம், கல்சியம் மிகக் குறைவு. வளர்கிற குதிரைக்குக் கல்சியம் பொசுபரசைவிடக் கூடுதலாக, ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கிடைக்க வேண்டும். தவிட்டில் கணக்கு தலைகீழ். அதோடு கோ-3 புல்லோ கினியாப் புல்லோ மட்டும் வெட்டிப் போட்டால் இரண்டாவது அடி விழுகிறது. அந்தப் புற்களில் உள்ள ஒட்சலேற்று, இருக்கிற கொஞ்சக் கல்சியத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். மாட்டின் இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்கள் அதை உடைத்துவிடுவதால் மாட்டுக்குப் பெரிய பாதிப்பில்லை. குதிரைக்கு அந்த வசதி கிடையாது. உடம்பு என்ன செய்யும்? எலும்பிலிருந்து கல்சியத்தை எடுக்கத் தொடங்கும். குட்டி இன்று முன்காலை நொண்டும், நாளைக்குப் பின்காலை நொண்டும். நடக்க மனமில்லாமல் நிற்கும். பார்ப்பவர்கள் சோம்பல் என்பார்கள். கடைசியில் கண்ணுக்குக் கீழே முக எலும்பு இரு பக்கமும் வீங்கி வரும்போதுதான் விஷயம் புரியும்.

தவிட்டை அடியோடு நிறுத்த வேண்டியதில்லை, ஒரு பிடிக்குக் குறைத்தால் போதும். கல்சியம் காபனேற்றுத் தூளை, தீவனத்துக்கென்று விற்கிறதை, வைத்தியர் சொல்கிற அளவில் கலந்து கொடுக்கலாம். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பு அதற்குப் பதிலாகாது, வாயும் வயிறும் வெந்துபோகும். புல்லில் வயல் வரம்பு அறுகம்புல் குதிரைக்கு அருமையான தீனி. ஆனால் களைநாசினி அடித்த வரம்பா என்று கேட்டுத்தான் வெட்ட வேண்டும். கச்சான் (நிலக்கடலை) பிடுங்கிய பிறகு கொடியை வெயிலில் நன்றாகக் காய வைத்து எடுத்துவைத்தால் கல்சியத்துக்கும் புரதத்துக்கும் நல்லது. பூஞ்சணம் பிடித்த கொடி வேண்டாம். பூஞ்சணம் பிடித்த வைக்கோலும் பிண்ணாக்கும் அப்படியே. மாடு ஓரளவு சமாளித்தாலும் குதிரை சமாளிக்காது.

வேலி இலையிலும் இதே கதைதான். ஆட்டுக்கும் மாட்டுக்கும் கிளிரிசீடியா ஒடித்துப் போடுகிறோம், குதிரைக்கு அது நஞ்சு. இபில்-இபில் தொடர்ந்து தின்றால் பிடரியும் வாலும் கொத்துக் கொத்தாகக் கொட்டும். அதைத் தோல் நோய் என்று நினைத்து மருந்து பூசிக்கொண்டிருப்பவர்களும் உண்டு. அலரியைச் சொல்லவே வேண்டாம், வெட்டிப்போட்டுக் காய்ந்த இலைகூட உயிரை எடுக்கும்.

எல்லாவற்றிலும் மோசமானது கோழித்தீன். மிஞ்சிய பையைக் குட்டிக்குக் கொட்டிவிடுவார்கள். கோழித்தீனிலும் சில மாட்டுத்தீன்களிலும் மொனென்சின், சலினோமைசின் போன்ற மருந்துகள் கலந்திருக்கும். கோழிக்கு மருந்து, குதிரைக்கு நஞ்சு. மொனென்சின் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 2, 3 மில்லிகிராம் போனாலே குதிரையின் இதயத் தசையைச் சிதைத்துக் கொன்றுவிடும். தீன் பையைக் குட்டி எட்டாத இடத்தில் வையுங்கள்.

தண்ணீரும் உப்பும் சின்ன விஷயமாகத் தெரியும். நூறு கிலோ உடம்புக்கு நாளுக்கு 5 லீற்றர் வேண்டும், வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் அதைப்போல இரண்டு மடங்கு. காலையும் மாலையும் குளத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டுவது போதாது, நிழலில் எப்போதும் ஒரு வாளி நிற்க வேண்டும். ஆவணியில் வற்றிப்போன குளத்தில் சேற்றையும் பாசியையும் சேர்த்துத்தான் குடிக்கும். உப்புக்கு ஆனையிறவுக் கல்லுப்பே போதும். ஒரு சட்டியில் போட்டு வைத்தால் வேண்டியதை நக்கிக்கொள்ளும்.

முல்லைத்தீவுக் கரைப் பக்கம் மணற்பாங்கான வளவு என்றால் ஒரு சோதனை செய்து பாருங்கள். நிலத்தில் படாத புது இலத்தி உருண்டை ஐந்தாறை எடுத்து, கண்ணாடிப் போத்தலில் தண்ணீரோடு கலக்கிச் சாய்த்து வையுங்கள். கால் மணி நேரத்தில் அடியில் மணல் படிந்தால், குட்டி நிலத்தில் கிடக்கிற தீனோடு மணலையும் தின்கிறது. வயிற்றில் மணல் சேர்ந்த குட்டி மெலியும், சோரும், ஒரு நாள் வயிற்றுவலியில் விழுந்து புரளும். தீனைத் தொட்டியிலோ சாக்கின் மேலோ போடுங்கள்.

மருந்துப் போத்தல்

மாட்டுக்கு மருந்து பருக்குவதென்றால் தலையைத் தூக்கிப் பிடித்துப் போத்தலை வாயில் கவிழ்ப்போம். குதிரைக்கு அப்படிச் செய்தால் மருந்து சுவாசப்பைக்குப் போய்விடும் ஆபத்து அதிகம். குதிரைக்கு வாந்தியும் வராது. உள்ளே போனது போனதுதான்.

உண்ணிக்கு மாட்டில் அடிக்கிற அமிற்றாஸ் குதிரையின் குடல் அசைவையே நிறுத்திவிடும். மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசியைக் குதிரைக்குக் குத்தினால் குத்திய இடம் அழுகக்கூடும். குதிரைக்கு வாயில் கொடுக்கும் பசை வடிவத்தில் அதே மருந்து இருக்கிறது. அதையும் கண் மதிப்பில் கொடுக்காமல் எடையை அளந்து கொடுக்க வேண்டும். வயிறு உப்பி, மயிர் கரடுமுரடாகி, சோர்ந்த குட்டிக்குப் புழு இருக்கும் என்பது நல்ல ஊகம்தான். ஆனால் ஒரு வயதுக்குட்பட்ட குட்டியின் குடலில் நீள உருளைப்புழு நிறைய இருக்கும்போது ஒரே நாளில் எல்லாவற்றையும் கொன்றால், செத்த புழுவே குடலை அடைத்துவிடும். இலத்தியைப் பரிசோதித்து, எந்த மருந்து, எவ்வளவு என்று கால்நடை வைத்தியர் சொன்ன பிறகு கொடுப்பதுதான் புத்தி.

நெடுந்தீவுக் குதிரைகளுக்கு யார் வைத்தியம் பார்க்கிறார்கள், அவை வாழவில்லையா என்று சிலர் கேட்பார்கள். வாழ்கின்றன, கடும் வரட்சியில் தண்ணீரில்லாமல் செத்தும் போகின்றன. அதோடு அவை கூட்டமாக, தாமே மேய்ச்சல் தேடித் திரிகிறவை. உங்கள் குட்டி தனியாக ஒரு கட்டையில் கட்டப்பட்டு நிற்கிறது.

அந்தத் தனிமையும் சோர்வுக்கு ஒரு காரணம். காய்ச்சல் இல்லை, முரசு (பல் ஈறு) வெளிறவில்லை, தீனும் சரி, ஆனாலும் வேலிப் பக்கமே பார்த்துக்கொண்டு நிற்கிறது என்றால் துணை தேடுகிறது. ஆறு மாத வயதாகுமுன்னே தாயிடமிருந்து பிரித்த குட்டி என்றால் இன்னும் மோசம். இன்னொரு குதிரை வாங்க எல்லோராலும் முடியாது. ஒரு கழுதையோ, பழகிய ஆடோகூடப் போதும். ஆட்டுக்கு ஒடிக்கிற இலையைக் குட்டி எட்டாத வேறிடத்தில் போட மறக்க வேண்டாம். நீளக் கயிற்றில் கட்டிப் போடாமல் வேலியடைத்த இடத்தில் அவிழ்த்து விட்டாலே பாதிச் சோர்வு போய்விடும். ஒரு வயதுக் குட்டியின் முதுகில் பிள்ளைகளை ஏற்றிப் படம் எடுப்பதையும் நிறுத்துங்கள், முதுகெலும்பு முற்ற இன்னும் வருடங்கள் இருக்கின்றன.

வைத்தியரைக் கூப்பிடுகிறபோது “குட்டி ஒரு மாதிரி நிற்குது” என்று மட்டும் சொன்னால் அவரால் ஒன்றும் கணிக்க முடியாது. ஒரு வெப்பமானி வாங்கி, முனையில் நூல் கட்டி, குட்டியின் பக்கவாட்டில் நின்று ஆசனவாயில் வைத்துப் பாருங்கள். 37.5 முதல் 38.5 பாகை செல்சியஸ் வரை வழமை, 39ஐத் தாண்டினால் அன்றைக்கே காட்ட வேண்டும். மேலுதட்டைத் தூக்கி முரசை விரலால் அழுத்தி எடுங்கள். வெள்ளையான இடம் இரண்டு விநாடிக்குள் திரும்பச் சிவக்க வேண்டும். முரசு வெளிறியோ மஞ்சளாகவோ இருந்தால், உடம்பில் உண்ணியும் இருந்தால், இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள், உண்ணியால் வருகிற இரத்த நோயாக இருக்கலாம். கடைசியாக எப்போது இலத்தி போட்டது, என்ன தின்றது, யார் என்ன மருந்து கொடுத்தார்கள், எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறது, காலால் நிலத்தைக் கிண்டுகிறது, புரள்கிறது என்றால் விடியும்வரை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். இங்கே பல வைத்தியர்களுக்குக் குதிரை அடிக்கடி பார்க்கிற மிருகமல்ல, அதை அவர்களே சொல்வார்கள். தேவையென்றால் பேராதனைக் கால்நடை மருத்துவ பீடத்தில் விசாரித்துச் சொல்லும்படி கேளுங்கள், அதில் அவர்களுக்குக் குறை ஒன்றுமில்லை.