கதிரைக்கு முன்னால் போய்க் கை நீட்டாதீர்கள்

சனிக்கிழமை பின்னேரங்களில் நல்லூரில் ஒரு வீட்டு விறாந்தையில் டாங்கோ என்கிற சோடி நடனம் பழகுகிறோம், எட்டுப் பேர். பாரிஸில் பழகிய காலத்தில் நான் விட்ட பிழைகளெல்லாம் இங்கே ஒவ்வொன்றாய்த் திரும்ப வருகின்றன. காலை மிதிப்பதும் தாளம் பிசகுவதும் பழகப் பழகச் சரிவரும். ஆடக் கூப்பிடுகிற விதம் அப்படியில்லை.

நேரே போய்க் கை நீட்டுவது

கலியாணத்துக்கு வீடு வீடாய்ப் போய்ச் சொல்லுகிற ஊர் எங்களது. நேரில் போய்க் கேட்டால்தான் மரியாதை என்று ஊறிப்போயிருக்கிறது. டாங்கோவில் அது தலைகீழ். மிலோங்கா என்கிற ஆடல் இரவுகளில், டாங்கோவின் ஊரான ஆர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரிஸ் வழக்கப்படி, இருந்த இடத்திலிருந்தே கண்ணால் தேடுவார்கள். கண் சந்தித்தால் தலையை மெல்ல அசைப்பார்கள். இதுதான் கபெசேயோ. விருப்பமென்றால் அவரும் அசைப்பார். இல்லையென்றால் பார்வை வேறு பக்கம் போகும். கேட்டதும் மறுத்ததும் ஒருவருக்கும் தெரியாது.

இது விளங்காமல் பாரிஸில் ஒரு பெண்ணின் மேசைக்கே போய்க் கையை நீட்டினேன். மாட்டேன் என்றார். ஆடியவர்களெல்லாம் போய் அமர்ந்துவிட்ட வெறுந்தளத்தைத் தனியாகக் கடந்து என் கதிரைக்குத் திரும்பினேன். அன்றிரவு பிறகு ஒருவரும் என் கண்ணைப் பார்க்கவில்லை.

மறுக்க முடியாதவரிடம் கேட்பது அதைவிட மோசம். போன கிழமை ஒரு அக்கா சப்பாத்து வாரைக் கழற்றிவிட்டுக் குதிக்காலைத் தடவிக்கொண்டிருந்தார். தம்பி ஒருவர் முன்னால் போய் நின்று கை நீட்டினார். முகத்துக்கு நேரே எப்படி மறுப்பது? வாரை மாட்டிக்கொண்டு எழும்பினார். ஒரே ஆளோடு தொடர்ந்து ஆடுகிற பாட்டு வரிசைதான் டாண்டா. ஒரு டாண்டா என்றால் பெரும்பாலும் நாலு பாட்டு, பத்துப் பன்னிரண்டு நிமிஷம். தம்பிக்கு நல்ல சந்தோஷம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தக் கிழமை அக்காவைக் காணவில்லை. இருப்பதே எட்டுப் பேர்!

வெறித்துப் பார்ப்பது

"பொம்பிளைப் பிள்ளையை எப்படி அண்ணை பார்த்துக்கொண்டிருக்கிறது?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஒரு தரம் பாருங்கள். அவர் பார்வையை எடுத்தால் நீங்களும் எடுத்துவிடுங்கள்.

நடுவில் நன்றி சொல்வது

முதல் பாட்டு முடிந்ததும் நன்றி சொன்னால் 'காணும், போங்கோ' என்று அர்த்தம். டாண்டா முடியட்டும்.

ஆடும்போது பாடம் எடுப்பது

வேண்டாம்.

முந்தி எழும்புவது

தலையசைத்தவர் முன்னால் வந்து நிற்கும்வரை இருங்கள். போன மாதம் பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு பேர் ஒன்றாக எழும்பினார்கள். கூப்பிட்ட பெடியன் தண்ணீர் குடிக்கப் போகிறவன்போலக் குசினிக்குள் போய்விட்டான்.