ஜெர்மனியில் படிப்போர் புத்தகச் செலவில் செய்யும் தவறுகள்

மேற்படிப்புக்காக ஜெர்மனிக்குச் செல்லும் நம் மாணவர்கள் பலர், போன முதல் மாதத்திலேயே ஒரு வீண்வேலையில் இறங்குகிறார்கள். ஒரே ஜெர்மன் பாடநூலின் விலையை நான்கைந்து இணையதளங்களில் பார்த்து, எங்காவது பத்து சதவீதம் குறையாதா என்று தேடுகிறார்கள். சென்னைப் புத்தகக் காட்சியில் கழிவு வாங்கிப் பழகியவர்களுக்கு இது இயல்புதான்; ஆனால் அங்கே குறையாது. 2002 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ள புத்தக விலைச் சட்டத்தின்படி, புதிய நூலின் விற்பனை விலையைப் பதிப்பாளரே நிர்ணயிக்கிறார். அமேசானாக இருந்தாலும் தெருமுனைக் கடையாக இருந்தாலும் அந்த விலைக்குத்தான் விற்றாக வேண்டும். நூல் வெளிவந்து 18 மாதங்கள் கழிந்த பிறகு, பதிப்பாளர் விரும்பினால் மட்டுமே இந்தக் கட்டு நீங்கும். மின்நூல்களுக்கும் இதே விதிதான்.

ஆகவே புதிய ஜெர்மன் நூலை வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், வீட்டுக்கு அருகிலுள்ள கடையில் சொல்லிவைப்பதே போதும். மொத்த விற்பனையாளரின் கிடங்கில் இருப்பு உள்ள நூல், மாலையில் சொன்னால் பெரும்பாலும் மறுநாள் காலையில் கடைக்கு வந்துவிடும்; அஞ்சல் செலவும் இல்லை. விலையை ஒப்பிட்டுப் பார்ப்பதில் பயன் உண்டென்றால் அது இரண்டு இடங்களில்தான். ஒன்று, வெளிநாட்டில் அச்சாகி வரும் ஆங்கில நூல்கள். இவை பொதுவாக இந்தச் சட்டத்துக்குள் வருவதில்லை. மற்றொன்று, பழைய புத்தகங்கள். மெடிமாப்ஸ், புக்லூக்கர் போன்ற தளங்களில் முந்தைய பதிப்புகள் மலிவாகக் கிடைக்கும். கடை வாசலில் வைத்திருக்கும் பெட்டிகளையும் பார்க்காமல் போகக் கூடாது. அங்குள்ள சில நூல்களின் கீழ்விளிம்பில், தாள்களின் வெட்டுப்பக்கத்தில், ‘மேங்கெல்எக்ஸெம்ப்ளார்’ என்று முத்திரை குத்தியிருக்கும். அட்டை கசங்கியது, முனை மடங்கியது போன்ற குறையுள்ள பிரதிகள் அவை; அவற்றைக் குறைந்த விலைக்கு விற்கச் சட்டமே இடம் தருகிறது.

ஆனாலும் பெரிய தவறு, வாங்கவே தேவையில்லாததை வாங்குவதுதான். பல்கலைக்கழக நூலகங்களில் பாடநூல்களுக்கென்றே தனிப் பிரிவு உண்டு. அதிகம் கேட்கப்படும் நூலுக்குப் பல பிரதிகள் இருக்கும். குளிர்காலப் பருவத்தின் வகுப்புகள் பெரும்பாலும் அக்டோபர் நடுவில் தொடங்குகின்றன. முதல் வகுப்பில் பேராசிரியர் பட்டியல் தந்த பிறகு போனால் அலமாரி காலியாக இருக்கும். பாடத்திட்டத்தை முன்னரே பார்த்துவிட்டு, சேர்க்கை முடிந்து மாணவர் அட்டை கைக்கு வந்ததுமே போவது நல்லது. அதற்கும் முன்பாக நூலகப் பட்டியலில் மின்நூலைத் தேட வேண்டும். ஸ்பிரிங்கர் போன்ற பதிப்பகங்களின் பாடநூல்கள் பலவற்றுக்குப் பல்கலைக்கழகம் ஏற்கெனவே பணம் கட்டியிருக்கும். வளாக இணைப்பிலோ, வீட்டிலிருந்து வளாக வலையமைப்போடு இணைக்கும் விபிஎன் வழியாகவோ அத்தியாயம் அத்தியாயமாகப் பிடிஎஃப் இறக்கிக்கொள்ளலாம். நூலகத்தில் இல்லாத நூலை ‘ஃபெர்ன்லைஹே’ என்னும் ஏற்பாட்டின்படி வேறு ஊர் நூலகத்திலிருந்து தருவிக்கலாம். பெரும்பாலும் ஒன்றரை யூரோதான் கட்டணம். இத்தனை வசதியையும் கெடுத்துக்கொள்ளும் வழி ஒன்று உண்டு. வேறொருவர் முன்பதிவு செய்துவிட்டால், இரவல் எடுத்த நூலின் தவணையை நீட்டிக்க முடியாது. அதைச் சொல்லும் மின்னஞ்சல் பல்கலைக்கழக முகவரிக்குத்தான் வரும். அதைத் திறந்தே பார்க்காதவர் தாமதக் கட்டணமாகக் கட்டும் தொகையில் அந்தப் புத்தகத்தையே பழையதாக வாங்கிவிடலாம்.

ஊரிலிருந்து இந்தியப் பதிப்புகளை மூட்டை கட்டிக்கொண்டு போவதிலும் கவனம் தேவை. சொந்தப் படிப்புக்கு வைத்துக்கொள்வதில் தடையில்லை. ஆனால் அதே அமெரிக்கப் பாடநூலின் இந்தியப் பதிப்பில் பயிற்சிக் கணக்குகளின் வரிசை சில நேரம் மாறியிருக்கும். படித்து முடித்து அங்கேயே விற்றுவிடலாம் என்று கணக்குப் போடுவது அதைவிடத் தவறு. வெளிநாட்டுப் பதிப்பை மறுவிற்பனை செய்யலாம் என்று 2013ல் தீர்ப்பளித்தது அமெரிக்க உச்ச நீதிமன்றம். ஐரோப்பிய ஒன்றியத்தின் பதிப்புரிமைச் சட்டமோ, ஒன்றியத்துக்குள் உரிமையாளரின் சம்மதத்தோடு முதலில் விற்கப்பட்ட பிரதிகளுக்கு மட்டுமே அந்தச் சுதந்திரத்தைத் தருகிறது.

அஞ்சலில் வரவழைப்பவர்கள் பழைய கதையை நம்பியிருக்கக் கூடாது. 22 யூரோ வரை வரியில்லை என்ற சலுகை 2021 ஜூலையோடு போய்விட்டது. புத்தகத்துக்கு இறக்குமதி வரி ஏழு சதவீதம்தான். ஆனால் அது அஞ்சல் செலவையும் சேர்த்துக் கணக்கிடப்படும். அதற்கு மேல் அஞ்சல் நிறுவனம் தன் கையாளும் கட்டணத்தையும் கேட்கும். சிறிய பொட்டலத்துக்கு வரியைவிட அதுவே அதிகம். தனிநபர் தனிநபருக்குப் பணம் வாங்காமல் அனுப்பும் 45 யூரோவுக்குட்பட்ட பரிசுக்கு வரி கிடையாது. அப்பாவே கட்டி அனுப்பினால் இந்தச் சலுகை பொருந்தும். கடைக்காரர் நேரடியாக அனுப்பினால் பொருந்தாது. தமிழ் நூல்களுக்கு இந்தச் சிரமமே பல சமயம் தேவைப்படாது. கொலோன், ஹைடல்பெர்க் பல்கலைக்கழகங்களில் தமிழ்த் தொகுப்புகள் உள்ளன. மதுரைத் திட்டம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம், ஈழத்து நூல்களுக்கான நூலகம் தளம் ஆகியவற்றில் கட்டணமின்றிப் படிக்கலாம்.

டாரண்ட் என்னும் கோப்புப் பகிர்வு முறையில் நூலை இறக்குவது, எல்லாவற்றையும்விட விலை கூடிய சிக்கனம். இறக்கும்போதே அந்த மென்பொருள் பிறருக்கும் பகிர்வதால், உரிமையாளரின் வழக்கறிஞர் இணைய முகவரியை வைத்து ஆளைக் கண்டுபிடித்து, பல நூறு யூரோ கேட்டு ‘அப்மானுங்’ என்னும் சட்ட எச்சரிக்கைக் கடிதம் அனுப்புவது அந்நாட்டில் வாடிக்கை. இன்னும் விற்பனையில் உள்ள நூலை முழுவதுமாக நகலெடுப்பதற்கும் அனுமதி வேண்டும்.

பலரும் கவனிக்காத ஒன்று ரசீது. முதுகலை மாணவர் படிப்புக்காக வாங்கும் துறைநூல்களின் செலவை வருமான வரிக் கணக்கில் காட்டலாம். வருமானம் இல்லாத ஆண்டின் செலவை நட்டமாகப் பதிவு செய்துவைத்தால், வேலைக்குச் சேர்ந்த பிறகு வரியில் கழித்துக்கொள்ளலாம். ‘புத்தகம்’ என்று பொதுவாக எழுதிய சீட்டை வரி அலுவலகம் ஏற்பது கடினம். நூலின் பெயர் ரசீதில் வரும்படி, வாங்கும்போதே கேட்டுப் பெற வேண்டும்.