கச்சேரி மேடையில் கலங்கிய முகங்கள்

மார்கழிக் கச்சேரி ஒன்றில் எடுத்த நாற்பது படங்களில் ஒன்றுகூடத் தேறவில்லை. பாடகியின் முகம் ஒரே கலங்கல். ஃபிளாஷுக்கு அனுமதியில்லை, போட்டாலும் கடைசி வரிசையிலிருந்து மேடைக்கு எட்டாது.

கோளாறு ஜூமில்தான். என் சின்ன கேமராவில் ஜூம் இல்லாதபோது லென்ஸ் திறப்பு எஃப்/1.8, முழுக்க இழுத்தால் எஃப்/4.9. எண் கூடினால் திறப்பு சுருங்கும். வரும் ஒளி ஏழில் ஒரு பங்காகிவிடும்! அதை ஈடுகட்ட கேமராவின் ஆட்டோ முறை, ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை 1/15 நொடிக்கு நீட்டியிருந்தது. அதற்குள் முகம் அசைந்துவிடுகிறது.

அடுத்த முறை முன்வரிசைக்கு நகர்ந்தேன், ஜூமைத் தொடவில்லை. ஷட்டர் 1/125 நொடி, ஐஎஸ்ஓ எனும் ஒளி உணர்திறன் 1600, ஒளி அளவீடு முகத்தில் மட்டும். பீப் ஒலியையும் அணைத்தேன், இல்லாவிட்டால் பக்கத்து மாமி முறைப்பார். அப்புறம் பாடகி கார்வையில், அதாவது ஒரே சுரத்தை நீட்டி, நிற்கும் நொடிக்குக் காத்திருந்து அழுத்தினேன். ஐஎஸ்ஓவைக் கூட்டியதால் கொஞ்சம் புள்ளி புள்ளியாக இருந்தாலும் முகம் தெளிவு. தாள வாத்தியங்கள் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனத்தில் மிருதங்க விரல்கள் இன்னமும் கலங்குகின்றன. அது அழகாகவே இருக்கிறது, சரி என்று விட்டுவிட்டேன்.