சுடுதண்ணீர் லைனில் கசிவா? டைல்ஸை உடைக்கும் முன் இவற்றைச் செய்து பாருங்கள்

யாரும் குளிக்காத நேரத்திலும் கீசர் லைட் அடிக்கடி எரிகிறது, சுவரில் உப்பு பூக்கிறது, ஓரிடத்தில் மட்டும் தரை வெதுவெதுப்பாக இருக்கிறது என்றால் சுடுதண்ணீர் லைனைச் சந்தேகப்படலாம். குளித்த பிறகு மட்டும் ஈரம் கூடினால் அது பெரும்பாலும் டிரெய்னேஜ் கோளாறு. கீழே உள்ளவை அதற்கு உதவாது.

1. கசிவு உண்டா?
இரவு மோட்டாரையும் எல்லாக் குழாய்களையும் மூடுங்கள். ஃபிளஷ் டேங்க் ஆங்கிள் காக்கையும் (சுவரில் இருக்கும் சின்ன வால்வு) மறக்காமல் மூடுங்கள். மாடி டேங்கில் குச்சியை நட்டு ஈரக்கோட்டை அளந்து, 8 மணி நேரம் கழித்து மறுபடி அளக்க வேண்டும். டேங்க் விட்டம் 100 செ.மீ. என்றால் 1 செ.மீ. இறக்கம் கிட்டத்தட்ட 8 லிட்டர்.

2. சுடுதண்ணீர் பக்கமா, பச்சைத்தண்ணீர் பக்கமா?
கீசரின் எம்.சி.பி.யை (போர்டில் இருக்கும் சுவிட்ச்) ஆஃப் செய்துவிட்டு, கீசருக்குள் பச்சைத்தண்ணீர் போகும் இன்லெட் ஆங்கிள் காக்கை மூடி (இன்லெட் மூடியிருக்கும்போது ஹீட்டர் ஓடவே கூடாது), அதே சோதனையை மறுபடி செய்யுங்கள். இறக்கம் நின்றால் கசிவு கீசரில் அல்லது அதற்குப் பின்னால் உள்ள லைனில்.

இறக்கம் நிற்காவிட்டால் பச்சைத்தண்ணீர் லைன் என்று உடனே முடிவு கட்டாதீர்கள். தப்பான சுவர் உடைபடுவது இங்கேதான். இன்லெட்டை மூடியபடியே வாஷ்பேசின் சுடுதண்ணீர்க் குழாயை மட்டும் திறங்கள். கொஞ்சம் வந்து நின்றால் பச்சைத்தண்ணீர் லைன்தான். ஓடிக்கொண்டே இருந்தால் காரணம் இரண்டு. ஒன்று, சேலத்து போர் தண்ணீரின் உப்பு படிந்து ஆங்கிள் காக் முழுதாக மூடாமல் இருப்பது. கீசர் தண்ணீர் ஆறிய பிறகு, கீழே வாளி வைத்து, இன்லெட் கனெக்‌ஷன் டியூபைக் கழற்றினால் காக் சொட்டுவது தெரிந்துவிடும். காக் சொட்டவில்லையென்றால் இரண்டாவது காரணம்: மிக்ஸர் (சுடுதண்ணீரும் பச்சைத்தண்ணீரும் கலந்து வரும் குழாய்) வழியாகப் பச்சைத்தண்ணீர் சுடுதண்ணீர் லைனுக்குள் ஏறுகிறது. ஹேண்ட் ஷவரைக் கைப்பிடியில் மட்டும் நிறுத்திவிட்டு, சுவரில் இரண்டு திருகையும் திறந்தே விட்டிருப்பார்கள். அவற்றை மூடிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். சிங்கிள் லீவர் மிக்ஸரில் உள்ளே இருக்கும் கார்ட்ரிட்ஜ் (தண்ணீரைத் திறந்து மூடும் பாகம்) தேய்ந்தாலும் இதே கதைதான்.

3. எந்த இடம்?
கசியும் பைப்பில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் கீசரிலிருந்து கசிவு வரை பைப் சூடாகவே இருக்கும், அதைத் தாண்டியது ஆறிவிடும். கீசரை ஆன் செய்து, இன்லெட்டைத் திறந்து, கடைசிக் குழாயில் நல்ல சூடு வரும்வரை ஓடவிட்டு எல்லாவற்றையும் மூடுங்கள். 2 மணி நேரம் கழித்து லைன் போகும் வழியில் அரை அடிக்கு ஒரு தடவை வெப்பநிலை பாருங்கள். சூடு எங்கே அறுகிறதோ அங்கேதான் உடைக்க வேண்டும். ஈரம் தெரியும் இடத்தை நம்ப வேண்டாம், தண்ணீர் இறங்கிப் போய்த்தான் வெளியே தெரியும். பாத்ரூம் தரை பள்ள ஸ்லாப் (தாழ்வாகப் போட்டு, மேலே நிரப்பிய தளம்) என்றால் இன்னும் தள்ளிப் போகும்.

இதற்கு இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் கன் போதும், தெர்மல் கேமரா தேவையில்லை. பளபளக்கும் டைல்ஸில் கன் தப்பாகக் காட்டும். மாஸ்கிங் டேப் ஒட்டி அதன்மேல் பாருங்கள். சத்தம் கேட்டுக் கண்டுபிடிக்கும் கருவிக்குப் பணம் கொடுக்காதீர்கள். 10 மீட்டர் உயரத்துக்கு 1 கிலோ பிரஷர்தான். மாடி டேங்க் தண்ணீர் இரைச்சல் போடும் அளவுக்குப் பீறிடாது.

சொட்டுச் சொட்டாகக் கசிந்தால் பைப் சூடாகாது. அப்போது கீசரையும் மிக்ஸர்களையும் கழற்றி, முனைகளை அரை இஞ்ச் பிளக்கால் அடைத்து, ஹேண்ட் பம்பால் 4 கிலோ பிரஷர் ஏற்றி அரை மணி நேரம் மீட்டர் முள் இறங்குகிறதா என்று கவனியுங்கள். தண்ணீரால் மட்டும் ஏற்றுங்கள். சி.பி.வி.சி. பைப்பில் (சுடுதண்ணீருக்கான பிளாஸ்டிக் பைப்) காற்றழுத்தம் ஏற்றினால் வெடித்துச் சிதறும்.

உடைத்ததும் முதலில் பார்க்க வேண்டியது குழாய் முனையில் இருக்கும் பிராஸ் எல்போ. அடுத்தது, சாதாரண பி.வி.சி. பசை போட்டு ஒட்டிய ஜாயின்ட். அது சூட்டில் விட்டுவிடும்.

பிற்சேர்க்கை, சோலார் வீடுகளுக்கு: சாயங்காலம் கொதித்தது விடிந்தால் பச்சைத்தண்ணீர் என்றால் ஏற்காட்டில் மூடுபனியைக் குறை சொல்லிவிட்டு விடுகிறார்கள். சாயங்காலமே சோலார் டேங்க் அவுட்லெட் வால்வை மூடிவிட்டுக் காலையில் திறந்து பாருங்கள். சூடு அப்படியே இருந்தால் கோளாறு வீட்டுக்குள் இறங்கும் லைனில் அல்லது மிக்ஸரில்; மிக்ஸரைப் பார்த்துவிட்டு மேலே சொன்ன 3-ஆம் படியை அந்த வால்விலிருந்து தொடங்குங்கள்.