சொந்தப் படகின் அடியில் இறங்க எந்த வெட்சூட் வாங்கலாம்?

மலைநாட்டு நீர்த்தேக்கங்களான காசல்ரீயிலோ மவுசாகலையிலோ படகு வைத்திருப்பவர் என்றைக்காவது அதன் அடியில் இறங்கித்தான் ஆகவேண்டும். புரொப்பெல்லரில் வலை சுற்றிக்கொள்ளும், அடிப்பலகையில் பாசி பிடிக்கும். ஐந்து நிமிட வேலைதானே என்று சாரத்தோடு குதிப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பயம். காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாகத் தண்ணீர் உடம்புச் சூட்டை இழுத்துவிடும். முதலில் மரத்துப்போவது விரல்கள். கத்தி பிடித்து வலையை அறுக்க வேண்டியதும் அதே விரல்கள்தான். அதற்குத்தான் வெட்சூட், உடம்போடு ஒட்டி நின்று சூட்டைக் காக்கும் ரப்பர் உடுப்பு.

முதலில் அதன் தடிப்பு. ஹிக்கடுவை, திருகோணமலைப் பக்கம் 28 பாகைக் கடலுக்கு 3 மி.மீ. தாராளம். மலைக்கு அது போதாது. நுவரெலியாவில் ஆண்டுச் சராசரி வெப்பநிலையே 16 பாகைதான். முழுக்கை, முழுக்கால் 5 மி.மீ. எடுங்கள். கிரகரி வாவி என்றால் அதே ரப்பரில் தைத்த தலையுறையும் கையுறையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 7 மி.மீ. இன்னும் சூடாக இருக்கும், ஆனால் கையை மேலே தூக்கிச் சுரண்டும் வேலைக்கு அது விறைப்பு.

அடுத்தது அளவு. தடிப்பைவிட இதுதான் முக்கியம். சூட்டைக் காப்பது நியோப்பிரீன் என்ற அந்த ரப்பருக்குள் உள்ள நுண்ணிய வாயுக் குமிழ்கள். உடுப்பு தொளதொளவென்று இருந்தால் தண்ணீர் உள்ளே வந்து வந்து போகும், சூடும் கூடவே போய்விடும். கடையிலேயே போட்டுப் பாருங்கள். காலில் பொலித்தீன் பையை மாட்டிக்கொண்டால் சுலபமாக ஏறும். குந்தி எழும்புங்கள், படகடியைச் சுரண்டுவதுபோல இரண்டு கையையும் உயர்த்துங்கள். கக்கத்திலும் முதுகின் கீழ்ப்பகுதியிலும் உடுப்பு தொளதொளத்து நின்றால் வேண்டாம். கழுத்து ஒட்டி இருக்கவேண்டும், ஆனால் தலையைத் திருப்பும்போது மூச்சு முட்டக்கூடாது.

வெளிப்பக்கம் வழவழப்பான ரப்பர் வேண்டாம், ஆணித்தலையில் உரசினாலே கிழியும். இரண்டு பக்கமும் துணி ஒட்டியது, முழங்காலிலும் முழங்கையிலும் பட்டை வைத்தது நல்லது. ஊசித்துளை தெரியும் தையலில் தண்ணீர் கசியும், பசை வைத்து ஒட்டித் தைத்ததைக் கேளுங்கள்.

அப்புறம் மிதப்பு. வெட்சூட் உங்களை மேலே தள்ளி, படகின் அடியோடு அழுத்தும். அதற்கு ஈயக்கட்டி கோத்த இடுப்புப் பட்டி வேண்டும். ஒரே கையால் கழற்றக்கூடிய கொக்கி கட்டாயம். கடலில் கட்டும் அதே பாரத்தை இங்கே கட்டாதீர்கள். நன்னீரில் மிதப்பு குறைவு, ஏறக்குறைய 2 கிலோ குறைத்துத் தொடங்குங்கள். கரையோரம் நின்று பாருங்கள்: மூச்சை நிறைய இழுத்துக்கொண்டு அசையாமல் இருந்தால் தண்ணீர் கண்மட்டத்தில் நிற்கவேண்டும்.

இறங்குமுன் எஞ்சினை நிறுத்தி, சாவியைக் கழற்றுங்கள். படகில் ஓர் ஆள் இருக்கட்டும். காற்றுச் சிலிண்டரோடு இறங்குவதென்றால் பயிற்சி இல்லாமல் வேண்டவே வேண்டாம். கடல் மட்டத்திலிருந்து 300 மீற்றருக்கு மேலே உள்ள இடங்களில், எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு நேரம் என்ற முக்குளிப்புக் கணக்கே வேறு, காசல்ரீ 1000 மீற்றர் உயரத்தையும் தாண்டியது.

வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, உள்பக்கத்தை வெளியே திருப்பி, அகலமான தோள் உள்ள கொழுவியில் நிழலில் தொங்கவிடுங்கள். மழைக்காலத்தில் மற்ற உடுப்பைப்போல அடுப்புக்கு மேலே கட்டிவிடாதீர்கள், சூட்டில் ரப்பர் இறுகி வெடித்துவிடும். இரண்டு மூன்று நாள் ஆனாலும் காற்றிலேயே காயட்டும்.